என்ன தெரிகிறது, தம்பி?



இன்று நாம் கேட்ட நற்செய்தி மாற்கு 8ஆம் அதிகாரம், 22 முதல் 26 வரை. ஐந்தே வசனம். ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் இது வருவதேயில்லை. பொதுக்காலம் 6ஆம் வாரம் புதன்கிழமைக்கு இதை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே ஞாயிறு மட்டும் கோயிலுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்காமலே வயதாகிவிடலாம். மத்தேயுவும் லூக்காவும்கூட இதை எடுத்துக்கொள்ளவில்லை. காரணத்தை ஊகிக்கலாம். ஆண்டவர் கைவைத்தும் ஒருவர் முதல் தடவையில் முழுதாகக் குணமாகவில்லை என்று எழுத யாருக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கும். மாற்கு தயங்கவில்லை.

இடம் பெத்சாயிதா. சிலர் பார்வையற்ற ஒருவரைக் கூட்டிவந்து, அவரைத் தொடும்படி வேண்டுகிறார்கள். இயேசு அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். குணமாக்கிய பிறகு இப்படி ஒரு கேள்வி கேட்டது நான்கு நற்செய்தியிலும் இங்கே மட்டும்தான். அந்த மனிதர் நிமிர்ந்து பார்க்கிறார். ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் மரம் மாதிரி இருக்கிறார்கள், நடக்கிறார்கள் என்று சொல்கிறார். இயேசு மறுபடியும் கைவைக்கிறார். இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஊருக்குள் போகாமல் நேரே வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

இந்த ஐந்து வசனத்தை வைத்துக்கொண்டு இன்று ஒரு பாடம் நடத்தப் போகிறேன். சின்னக் குழந்தைக்குக் கண் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுப்பது எப்படி? பாடம் குழந்தைகளுக்கு இல்லை, பெற்றோருக்கு. "கோயில்ல அறிவியல் பாடமா சாமி?" என்று பின்வரிசைத் தாத்தா ஒருவர் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கடவுள் படைத்தது எல்லாம் நல்லது என்று வாராவாரம் சொல்கிறோம். அந்த நல்லதில் ஒன்றையாவது கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வோமே.

முதலில் ஒரு வேலை. மேற்கே பார்த்த ஜன்னல் இருக்கிற வீடாகப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் நம் செஞ்சிக் கோட்டை மலையின் முகத்தில் நன்றாக அடிக்கும்போது, அந்த அறையை இருட்டாக்குங்கள். கறுப்புத் துணியோ அட்டையோ வைத்து ஜன்னலை முழுதாக அடைத்து, அட்டையின் நடுவில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஒரே ஒரு துளை போடுங்கள். இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அவசரப்படாதீர்கள். பிறகு எதிர்ச்சுவரில் அந்த ராஜகிரி மலை வரும். வானம் கீழே, 240 மீட்டர் மலை மேலேயிருந்து கீழ்நோக்கி. ஜன்னல் வழியே திருவண்ணாமலை ரோடு தெரிகிற வீடாக இருந்தால், சுவரின் உச்சியில் பஸ் சக்கரம் மேலாக ஓடும்.

மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியபோது ஒரு பையன் கத்தினான்: "சாமி, மலை கவுந்துபோச்சு!" பக்கத்தில் இருந்த சிறுமி உடனே துளையருகே குனிந்து, வெளியே மலை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அவளைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஏன் கவிழ்ந்தது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு நீளக் கயிற்றைக் கொடுங்கள். மலை உச்சியிலிருந்து வரும் ஒளி காற்றில் நேர்க்கோட்டில்தான் வரும், தானாக வளையாது என்பதை மட்டும் சொல்லுங்கள். துளை வழியாகக் கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்க்கட்டும். மேலேயிருந்து வருவது துளையைத் தாண்டிச் சுவரின் அடியில் போய் விழும். அடிவாரத்திலிருந்து வருவது சுவரின் மேல்பக்கம் ஏறும். ஏழு வயதுக் குழந்தை இதைத் தானே கண்டுபிடித்துவிடும். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பெற்றோருக்கு இதைவிடக் கடினமான தவம் கிடையாது.

இப்படி இருட்டறையில் துளை போட்டு ஒளியைச் சோதித்தவர்களில் முக்கியமானவர் இபின் அல்-ஹைதம். பஸ்ராவில் பிறந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த இஸ்லாமிய அறிஞர். அவருக்கு முந்திய கிரேக்க அறிஞர்கள் பலரும், கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது, அதனால்தான் நாம் பார்க்கிறோம் என்று நம்பினார்கள். நம் நாட்டு நியாய தரிசனக்காரர்களும் அப்படியே சொன்னார்கள். இபின் அல்-ஹைதம் அதை மறுத்தார். சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறது. அப்படியானால் ஏதோ ஒன்று வெளியிலிருந்து உள்ளே வருகிறது. பொருள்மேல் பட்ட ஒளி கண்ணுக்குள் வருகிறது, கண் வாங்கிக்கொள்கிறது என்றார்.

கண் எதையும் அனுப்புவதில்லை, வாங்க மட்டும் செய்கிறது. இதைக் குழந்தைக்குச் சொன்ன அன்றே நாமும் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் இன்னும் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருக்கிறது. புது வீட்டின்மேல் திருஷ்டி பொம்மை தொங்குகிறது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததால்தான் பிள்ளை சாப்பிடவில்லை என்கிறோம். அந்த அக்காவின் கண்ணிலிருந்து எதுவும் புறப்பட்டு வரவில்லை, அம்மா. உங்கள் பிள்ளையின் முகத்தில் பட்ட வெளிச்சம்தான் அவர்கள் கண்ணுக்குள் போனது. ரோட்டில் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காயில் பைக் வழுக்கி விழுந்தவர்களுக்கு வேண்டுமானால் உண்மையாகவே கெடுதல் வந்திருக்கிறது. பொறாமை இல்லை என்று நான் சொல்லவில்லை. மாற்கு 7ஆம் அதிகாரத்தில், மனிதரின் உள்ளத்திலிருந்து வரும் தீயவற்றின் வரிசையில் ஆண்டவர் பொறாமையையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அது உள்ளத்தின் வேலை. கண்மேல் பழி போடாதீர்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். அட்டையின் துளையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். சுவரில் வெளிச்சம் கூடும், ஆனால் மலை மங்கிக் குழம்பிப்போகும். துளை சிறியதாக இருந்தால் தெளிவு உண்டு, வெளிச்சம் இல்லை. பெரியதாக இருந்தால் வெளிச்சம் உண்டு, தெளிவு இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் என்ன செய்வது? தாத்தாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அந்தப் பெரிய துளைமேல் பிடியுங்கள். அதிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மலை சட்டென்று கூர்மையாகி நிற்கும். அந்த இடத்தில் பிள்ளைகள் ஓ என்று கத்துவார்கள். கத்தட்டும்.

கண் இதைத்தான் செய்கிறது, அதுவும் 24 மில்லிமீட்டர் இடத்துக்குள். முன்பக்கம் கண்ணாடிபோல் தெளிந்த கார்னியா, அரை மில்லிமீட்டர் கனம். ஒளியை வளைக்கிற வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இதுவே செய்கிறது. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்கும். இறந்தபின் கண்தானம் என்று நாம் கொடுப்பதில் இன்னொருவருக்குப் பொருத்துவது இந்தச் சின்னத் தகட்டைத்தான். இந்தியாவின் முதல் கண்வங்கி 1945இல் சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையில் தொடங்கியது. கார்னியாவுக்குப் பின்னால் ஐரிஸ், அதன் நடுவே பாவை. வெயிலில் அது 2 மில்லிமீட்டராகச் சுருங்கும். இருட்டில் இளம் வயதினருக்கு 8 வரைகூட விரியும். குழந்தையைக் கண்ணாடி முன் நிறுத்தி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டுங்கள், சுருங்குவதைத் தானே பார்க்கும். அதற்கும் பின்னால் லென்ஸ். கிட்டே பார்க்கும்போது தடிக்கும், தூரம் பார்க்கும்போது தட்டையாகும். கடைசியில் விழித்திரை. அங்கிருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்ட நரம்பு இழைகள் ஒரே கட்டாக மூளைக்குப் போகின்றன.

விழித்திரையில் விழும் உருவமும் தலைகீழ்தான். 1604இல் வானியல் அறிஞர் கெப்ளர் கணக்குப் போட்டு இதைச் சொன்னார். கண்ணால் பார்த்து உறுதிசெய்தவர் ஒரு குரு. இங்கே நம் ஊர்க்கதை கொஞ்சம் கலக்கிறது. 1597இல், இங்கே ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், இயேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமென்டா செஞ்சிக்கு வந்தார். லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டின் எந்த நகரத்தைவிடவும் இது பெரியது என்று எழுதிவைத்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1595இல், ஜெர்மனியில் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற இளைஞர் அதே சபையில் சேர்ந்தார். கணிதம் படித்தவர். சூரியப் புள்ளிகள் பற்றிக் கலிலியோவோடு சண்டை போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர். ஆனால் கண் விஷயத்தில் அவர் செய்தது பெரிய காரியம். 1619இல் இன்ஸ்புருக்கில் கண்ணைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். செத்த மாட்டின் கண்ணை எடுத்து, பின்பக்கத்து வெள்ளை உறையைக் கவனமாகச் சீவி எடுத்துவிட்டு, முன்னால் வெளிச்சத்தைக் காட்டினார். பின்பக்கத்தில் உருவம் தெரிந்தது, தலைகீழாக. ஒரு சாமியார் கண்ணைக் கடவுளின் மர்மம் என்று சொல்லி விட்டுவிடவில்லை, கத்தியை எடுத்துச் சீவிப் பார்த்தார். விசுவாசத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

இந்த இடத்தில் கெட்டிக்காரக் குழந்தை ஒரு கேள்வி கேட்கும், கேட்கவேண்டும்: "அப்போ ஏன் சாமி நமக்கு எல்லாம் தலைகீழாத் தெரியல?"

மூளை அதைத் திருப்பிப்போடுகிறது என்று புத்தகங்களில் எழுதிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மண்டைக்குள் ஒரு குட்டி மனிதன் உட்கார்ந்துகொண்டு விழித்திரையைப் பார்ப்பதில்லை. அப்படி இருந்தால் அவன் கண்ணுக்குள் யார் இருக்கிறார் என்று குழந்தை அடுத்த கேள்வி கேட்கும். மூளைக்கு வருவது நரம்பின் துடிப்புகள் மட்டுமே. கை எட்டிப் பிடித்தது எது, கால் தட்டியது எது, அம்மாவின் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது, இவற்றோடு சேர்த்துச் சேர்த்து, இது மேல், இது கீழ் என்று மூளை கற்றுக்கொள்கிறது. கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற பேராசிரியர் 1890களில் உலகத்தையே கவிழ்த்துக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டு நாள் வாழ்ந்தார். முதலில் எடுக்கப்போன கை தவறான பக்கம் போயிற்று. நாள் ஆக ஆக, இடிக்காமல் நடக்கவும் வேலை செய்யவும் பழகிவிட்டார். பார்ப்பது கற்றுக்கொள்வதால் வருவது. தாய்மொழியைக் குழந்தை எப்படி நாளும் கேட்டுக் கேட்டு உரிய வயதில் பிடித்துக்கொள்கிறதோ, பார்வையையும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. வயது கடந்தால் பிடிபடுவது கஷ்டம்.

இப்போது பெத்சாயிதாவுக்குத் திரும்பிப் போவோம், கொஞ்சம் சுற்றுவழியாக. அயர்லாந்தில் வில்லியம் மோலினோ என்று ஒருவர். அவருடைய மனைவிக்குக் கல்யாணமான கொஞ்ச நாளில் பார்வை போய்விட்டது. 1688இல் அவர் தத்துவஞானி லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுத் தொட்டு அறிந்திருக்கிறார். திடீரென்று பார்வை கிடைத்தால், தொடாமலே எது எது என்று கண்ணால் சொல்லிவிடுவாரா? முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். பதில் கிடைத்தது நம் நாட்டில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றும் பவன் சின்ஹா, 'பிரகாஷ்' என்ற திட்டத்தின் மூலம், பிறவிக் கண்புரையோடு வளர்ந்த வட இந்தியக் கிராமத்துப் பிள்ளைகளை டெல்லிக்கு அழைத்துவந்து அறுவைசிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். 8 முதல் 17 வயதுவரை உள்ள ஐந்து பேரிடம் மோலினோவின் கேள்வியைச் சோதித்த முடிவு 2011இல் வெளியானது. கட்டுத் திறந்த உடனே அவர்களால் சொல்ல முடியவில்லை. கை அறிந்ததைக் கண் அறியவில்லை. ஆனால் திரும்பச் சோதித்தவர்கள் ஒரு வாரத்துக்குள்ளேயே நன்றாகத் தேறிவிட்டார்கள்.

இதே திட்டத்தின் இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியம். ஒன்றின்மேல் ஒன்று விழுந்த வட்டத்தையும் சதுரத்தையும் காட்டினால், புதிதாய்ப் பார்வை பெற்றவர்கள் இரண்டு வடிவம் என்று சொல்வதில்லை. மூன்று துண்டு என்கிறார்கள். எது எதோடு சேர்ந்தது, எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. ஆனால் அந்த வடிவங்கள் நகர ஆரம்பித்தால், சேர்ந்து நகர்வதெல்லாம் ஒரே பொருள் என்று பிடித்துக்கொள்கிறார்கள். அசைவு அவர்களுக்கு முதல் ஆசிரியர்.

மறுபடியும் மாற்குவைக் கேளுங்கள். மரம் மாதிரி இருக்கிறார்கள், ஆனால் நடக்கிறார்கள். உயரமாக, செங்குத்தாக ஏதோ நிற்கிறது. அது மரமா ஆளா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நடப்பதால் ஆள் என்று தெரிகிறது. இதை எழுதியவருக்கு மூளை ஆய்வு தெரியாது. கேட்டதைக் கேட்டபடி எழுதினார். விவிலிய விரிவுரையாளர்கள் பலர், மரத்தின் தோற்றத்தை அறிந்திருப்பதால் இவர் முன்பு பார்வை இருந்து பிறகு இழந்தவர் என்கிறார்கள். இருக்கலாம், மாற்கு அதைச் சொல்லவில்லை. கட்டிப்பிடித்துத் தடவி அறிந்த மரமாகவும் இருக்கலாம் அல்லவா? எப்படியானாலும், ஆண்டவரின் முதல் தொடுதல் தோற்றுவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் தொடுதலில் கண்ணுக்கு ஒளி வந்தது. இரண்டாவதில் அந்த ஒளியைப் புரிந்துகொள்ளும் திறன் வந்தது. பார்க்க இரண்டும் வேண்டும்.

இந்தப் பகுதிக்குச் சற்று முன்னால், கண் இருந்தும் காணவில்லையா என்று சீடர்களைத்தான் ஆண்டவர் கடிந்துகொள்கிறார். இதற்கு அடுத்த பகுதியில் பேதுரு அவரை மெசியா என்று சரியாகச் சொல்கிறார், சிலுவை என்றதும் தடுக்கிறார். பேதுருவுக்கும் அப்போது மனிதர் மரங்களாகத்தான் தெரிந்தார்கள். அவருக்கு இரண்டாவது தொடுதல் வர நாளானது. அதற்காக ஆண்டவர் அவரைத் துரத்திவிடவில்லை.

சரி, இப்போது எல்லோரும் இரண்டு கையையும் நேரே நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஆமாம், கோயிலுக்குள்ளேதான். இரண்டு விரலும் ஒட்டி இருக்கட்டும். இடது கண்ணை மூடுங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரலை மட்டும் பாருங்கள், பார்வையை நகர்த்தாதீர்கள். வலது கையை மெல்ல வலப்பக்கம் கொண்டு போங்கள். முக்கால் சாண் விலகும்போது வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். இன்னும் விலக்கினால் திரும்பி வரும். நரம்புக் கட்டு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் பார்வை கிடையாது. பிரான்ஸ் நாட்டு அறிஞர் மரியோத் இதை 1660களில் கண்டுபிடித்தார். நல்ல கண்ணிலும் அந்தக் குருட்டுப்புள்ளி உண்டு. அங்கே ஒரு ஓட்டை இருப்பதாக நமக்குத் தெரிவதே இல்லை. சுற்றிலும் உள்ள நிறத்தை வைத்து மூளை அதை மூடிவிடுகிறது.

கண்ணில் குறையோடு பிறந்த குழந்தைக்கும் இதுதான் நடக்கிறது, இன்னும் பெரிய அளவில். ஒரு கண் நன்றாகவும் ஒரு கண் மங்கலாகவும் இருந்தால், மூளை மங்கலான கண் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிடும். டாக்டர்கள் இதைச் சோம்பல் கண் என்கிறார்கள். குழந்தை ஒரு புகாரும் சொல்லாது. ஏனென்றால் அதற்குத் தெரிகிறது, இன்னொரு கண்ணால். மற்றவர்களுக்கு இரண்டு கண்ணும் தெரியும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால், கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, மங்கிய கண்ணை வேலை வாங்கிச் சரிசெய்ய வாய்ப்பு அதிகம். விட்டுவிட்டால் கடினம். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை ஆரம்ப மாதங்களில் மூடிவைத்தால் மூளையில் அந்தக் கண்ணின் இடமே பறிபோகிறது என்று ஹியூபல், வீஸல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊரில் மாறுகண் என்றால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு கண் விலகி நின்றால், "லட்சுமி கடாட்சம், அப்படியே விட்டுடு" என்று பாட்டி சொல்கிறார். பாட்டிமார்களே, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் நீங்கள் சொல்வது தவறு. பிறந்து சில மாதங்கள் கண் அங்குமிங்கும் விலகுவது உண்டு. ஆறு மாதத்துக்கு மேலும் விலகினால் அது நோய். அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்கும் அந்த நான்கைந்து ஆண்டில் ஒரு கண்ணின் பார்வை வீணாகிறது. பாவையில் வெள்ளை தெரிந்தாலோ, செல்போன் ஃபிளாஷில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பிறவிக் கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் கட்டியாகவும் இருக்கலாம்.

ஆண்டவர் உமிழ்நீர் தொட்டு வைத்தார் என்பதால் நாமும் வைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, பச்சிலையைப் பிழிவது. அறுவடைக் காலத்தில் மார்க்கெட் கமிட்டியில் நெல் குவியும்போது, களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உமி, தாள் கண்ணில் படுவது சகஜம். கார்னியாவில் சின்னக் கீறல் விழுந்து அதில் பூஞ்சை ஏறினால், புண்ணாகிப் பார்வையே போகும். சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைக்குழந்தையின் கண்ணுக்குள் மையும் வேண்டாம். மாலைக்கண் வராமல் இருக்க முருங்கைக்கீரை, பப்பாளி கொடுங்கள். ஒன்பது மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு தரும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. பிறக்கும்போது குழந்தையின் கண் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். உடம்போடு சேர்ந்து வளர்கிறது. அளவுக்கு மேல் நீண்டால் கிட்டப்பார்வை. வெளிச்சத்தில், வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்கு இது குறைவாக வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது இது ஒன்றுதான். எங்கெங்கிருந்தோ ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அடிவாரத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் கோட்டை கட்டி விளையாடுகிறார்கள். கோட்டையின் கல்யாண மகாலுக்கும் செட்டிக்குளத்துக்கும் கூட்டிப்போங்கள். கோட்டையின் கிருஷ்ணகிரி மலை உச்சியைக் காட்டி, அங்கே என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்டவருக்குத் தெரியாதா அந்த மனிதருக்கு எவ்வளவு தெரிகிறது என்று? தெரிந்தும் கேட்டார். அந்த மனிதரும், நன்றாகத் தெரிகிறது சாமி என்று உபசாரத்துக்குச் சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னார். சொன்னதால்தான் இரண்டாவது தொடுதல் கிடைத்தது. நம் பிள்ளைகள் ஏன் அப்படிச் சொல்வதில்லை? போர்டு தெரியவில்லை என்று சொன்னால், படிக்காமல் இருக்கச் சாக்கு என்று அடி விழுகிறது. டிவிக்குக் கிட்டப் போனால் திட்டு விழுகிறது. கண்ணாடி போட்டால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பேச்சு காதில் விழுகிறது. தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை என்ற தைரியத்தை அந்த மனிதருக்கு ஆண்டவர் கொடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைவிட்டுத் தள்ளி அழைத்துப்போய், தனியாகக் கேட்டார். உங்கள் பிள்ளையையும் அப்படிக் கேளுங்கள். முதலில் ஒரு கண்ணைப் பொத்தி, பிறகு மறு கண்ணைப் பொத்தி. சரியான பதிலுக்காகக் கேட்காதீர்கள். தெரிகிறதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

திருப்பலி முடிந்ததும் கோயில் முன்மண்டபத்தில் கண் பரிசோதனை அட்டை மாட்டியிருக்கும். ஆறு மீட்டர் தூரத்தில் தரையில் கோடு போட்டிருக்கிறோம். எழுத்துத் தெரியாத பிள்ளைகளும் வரலாம். அட்டையில் உள்ள ஆங்கில 'ஈ'யின் கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்துங்கள், நன்றாகத் தெரிகிறது என்று நீங்கள் நினைக்கும் பிள்ளைகளை முதலில் நிறுத்துங்கள். கோட்டில் நின்று ஒரு கண்ணால் தடுமாறும் பிள்ளையை அடுத்த வாரத்துக்குள் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நம் அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள். பங்கில் அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறோம்.